திருச்சி ஜோசப்ஸ்: உள்ளே இருந்து பாடம் நடத்திய ஒருவரின் நீண்டகால அனுபவம்

"ஜோசப்ஸ்ல பையனைச் சேர்க்கலாமா சார்?" ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. உறையூர்க் கடைத்தெருவில் காய் வாங்கும்போதும் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்கிறார். நின்ற இடத்தில் "தாராளமா சேருங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. கறுப்பு முடியோடு உள்ளே போய், பணி ஓய்வு வரை அதே பள்ளியில் தாவரவியல் நடத்தியவன் நான். கேட்பவர்களுக்கு அதைவிட விரிவான பதிலைத் தர வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முழுப்பெயர் தூய வளனார் கல்லூரி மேல்நிலைப்பள்ளி. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜோசப்ஸ்தான். பள்ளியும் கல்லூரியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கினார்கள். 1883ல் திருச்சிக்கு இடம் மாற்றினார்கள். அதற்கும் பின்னால் ஒரு கதை உண்டு. 1606ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி காலத்திலிருந்து வீரமாமுனிவர் காலம் தாண்டியும் இங்கே வேலை செய்த சபையை 1773ல் போப்பாண்டவரே கலைத்துவிட்டார். 1814ல் மறுபடி அனுமதி கிடைத்தது. 1830களின் கடைசியில் பிரான்சிலிருந்து திரும்ப வந்தவர்கள்தான் நாகப்பட்டினத்தில் பள்ளியை ஆரம்பித்தார்கள். எங்கள் தமிழாசிரியர் ஒருவர் வீரமாமுனிவர் பாடம் வந்தால் ஒரு பீரியடில் முடிக்க மாட்டார். "நம்ம வீட்டு ஆளைப் பத்தின பாடம்ப்பா" என்பார்.

இடம் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். மெயின்கார்டு கேட், தெப்பக்குளம், லூர்து மாதா கோயில், எல்லாவற்றுக்கும் மேலே மலைக்கோட்டை. பக்கத்திலேயே பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ் என்று ஊரின் பாதிப் படிப்பு அந்த ஒரு சுற்றுக்குள் இருக்கிறது. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி பக்கத்துப் பையன்கள் பஸ் பிடித்து வருவார்கள். ஸ்ரீரங்கத்துப் பையன்கள் காவிரிப் பாலம் தாண்டி வருவார்கள். அதனால் ஒரு வகுப்புக்குள் விவசாயி மகனும் புரோகிதர் மகனும் ஜவுளிக்கடை முதலாளி மகனும் சுமைதூக்குபவர் மகனும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆசிரியருக்கு இதைவிட நல்ல வகுப்பு அமையாது என்பது என் தீர்மானமான கருத்து.

நான் கிறிஸ்தவன் அல்ல. வெக்காளியம்மன் கோயில் வாசலில் வளர்ந்தவன். வேலை உத்தரவு வந்தபோது அப்பா கொஞ்சம் யோசித்தார். "பாதிரியார் பள்ளிக்கூடமாச்சே, ஒத்துவருமா?" என்றார். ஒத்துவந்தது. கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அதை நடத்தும் பொறுப்பு எனக்கும் வந்தது, திருக்குறளை வைத்துத்தான் நடத்தினேன். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் மலைக்கோட்டைக் கொழுக்கட்டைப் பிரசாதம் ஸ்டாஃப் ரூமுக்கு வரும், ஃபாதர்களும் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் போகிற பையன்கள் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வருவார்கள். இதையெல்லாம் யாரும் பெரிய விஷயமாகப் பேசியதே இல்லை.

சரி, இனி பள்ளி எப்படிப் பாடம் சொல்லித் தந்தது என்பதற்கு வருகிறேன். வெளியில் ஜோசப்ஸ் என்றால் கண்டிப்பு என்பார்கள், மார்க் என்பார்கள். உள்ளே இருந்து பார்த்த எனக்கு அந்த இரண்டைவிடவும் முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. ஒன்று, நேற்று நடத்தியதை இன்றைக்குத் திரும்பச் சொல்ல வைப்பது. இன்னொன்று, பையனைத் தனி ஆளாகத் தெரிந்துகொள்வது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஃபாதர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மணி அடித்ததும் என்னோடு வராந்தாவில் நடந்துகொண்டே, "நல்லா இருந்துச்சு சார். நாளைக்கு ஆரம்பிக்கும்போது இன்னிக்கு நடத்தினதை அவங்க வாயால சொல்ல வைங்க. அஞ்சு நிமிஷம் போதும்" என்றார். அவ்வளவுதான். இயேசு சபை 1599ல் தன் கல்விக்கூடங்களுக்கு வெளியிட்ட கல்வி விதிகளில் இது இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாடம் முடிந்ததும் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும், அடுத்த நாள் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும், சனிக்கிழமை அந்த வாரம் முழுவதையும் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வகுப்புக்குக் கரும்பலகையே வராத காலத்து விதி. இன்றைக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

நான் செய்த விதம் இது. கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிப்பேன். ஒருவன் எங்கே நிறுத்துகிறானோ அங்கிருந்து அடுத்தவன் தொடர வேண்டும். தப்பாகச் சொன்னால் நான் திருத்த மாட்டேன், இன்னொரு பையன் திருத்த வேண்டும். ஒரு நாள் செம்பருத்தி. முந்தின நாள் ஆளுக்கொரு பூவைக் கொடுத்துப் பிரிக்க வைத்திருந்தேன். ஒருவன் எழுந்து புல்லி வட்டம், அல்லி வட்டம் என்று வரிசையாகச் சொன்னான். அடுத்தவன், மகரந்தத்தாள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக் குழாயாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்கிறது என்றான். சரியாகத்தான் சொன்னார்கள். அப்போது முசிறிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், எழுந்து நின்றான். "சார், புல்லிக்கும் வெளியே சின்னச் சின்னதா இன்னொரு பச்சை வட்டம் இருந்துச்சு. அதை யாரும் சொல்லல." புறப்புல்லி வட்டம்! புத்தகத்தில் இருந்த சொல்லை மறந்துவிட்டான், ஆனால் பூவைப் பார்த்திருக்கிறான். முழு வகுப்பும் திரும்பி அவனைப் பார்த்தது. அன்றிலிருந்து அவன் பேச ஆரம்பித்தான். ஐந்து நிமிடத்தில் இது நடக்கும் என்றால் அந்த ஐந்து நிமிடத்தை எந்த அவசரத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பையனைத் தெரிந்துகொள்வது என்று சொன்னேனே, அதற்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்குவான். வெள்ளைச் சட்டைத் தோளில் எப்போதும் பழுப்புக் கறை, துவைத்தும் போகாதது. தாவரவியல்காரனுக்கு அது வாழைக்கறை என்று பார்த்ததும் தெரியும். தலைமையாசிரியர் ஃபாதரிடம் சொன்னேன். பையனைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. "வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருவோமா சார்?" என்றார். அன்று சாயங்காலமே இருவரும் போனோம். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு சந்து. அப்பாவுக்குக் காலில் அடிபட்டு வேலைக்குப் போக முடியவில்லை. அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். பையன் விடிகாலையில் மண்டிக்குப் போய் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிவிட்டு, குளித்து, பள்ளிக்கு வருகிறான். ஃபாதர் அங்கே தரையில் உட்கார்ந்து காபி குடித்தார், அந்த அம்மாவிடம் பூ முழம் என்ன விலை போகிறது என்று விசாரித்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது முதலில் புரியவில்லை. திரும்பி வரும் வழியில்தான் கணக்குப் போட்டார். பழைய மாணவர் ஒருவர் மூலமாகக் கட்டணத்துக்கும் சீருடைக்கும் ஏற்பாடு. மண்டி வேலை சனி, ஞாயிறு மட்டும். சாயங்காலம் விடுதி மாணவர்களோடு ஸ்டடியில் உட்கார்ந்து படித்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தப் பையன் இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர். அவனும் பையன்களின் வீட்டுக்குப் போகிறான், அதை அவன் வாயால் கேட்டேன்.

பள்ளி என்னையும் அப்படித்தான் நடத்தியது. அப்பா காலமானபோது அதிபர் ஃபாதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, எடுக்கும்வரை இருந்தார். "ஒத்துவருமா" என்று கேட்ட அப்பாவுக்கு இது தெரியாமலே போனது.

பிரதர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அனுபவம் முழுமையாகாது. இயேசு சபையில் ஒருவர் குருவாகப் பத்து வருஷத்துக்கு மேல் பயிற்சி. நவசந்நியாசம் என்கிற ஆரம்பத் துறவுப் பயிற்சி, தத்துவம் எல்லாம் முடித்து இறையியல் படிக்கப் போகும் முன் இடையில் இரண்டு வருஷம் போல ஏதாவது ஒரு பள்ளியில் வேலை செய்ய அனுப்புவார்கள். இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். காலையில் வகுப்பு, சாயங்காலம் பையன்களோடு கால்பந்து, ராத்திரி விடுதி மேற்பார்வை. பையன்கள் ஃபாதரிடம் சொல்லத் தயங்குவதைப் பிரதரிடம் சொல்வார்கள். அண்ணன் இல்லாத பையனுக்கு அண்ணன் கிடைத்த கதைதான். ஒரு பிரதர் கிளம்பும் நாளில் விடுதியே அழும். அந்தப் பிரதரே பல வருஷம் கழித்து ஃபாதராக, சில சமயம் தலைமையாசிரியராகவே திரும்பி வருவதும் உண்டு.

அப்புறம், எனக்கு மட்டும் கிடைத்த ஒரு வரம், கல்லூரியில் இருக்கும் ராபினாட் ஹெர்பேரியம், அதாவது உலர்ந்த செடிகளின் காப்பகம். இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ 1967ல் தொடங்கியது. அவருக்கு முன் அங்கே தாவரவியல் பணி செய்த பிரெஞ்சுக் குரு ராபினாட்டின் பெயரை வைத்தார். தமிழ்நாட்டின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர் மேத்யூ ஃபாதர். பழனி மலைக் காடுகளைக் காப்பாற்றவும் நிறையப் பாடுபட்டவர். பிளஸ் டூ பையன்களை அங்கே கூட்டிப் போவது என் வழக்கம். அலமாரியைத் திறந்து ஒரு தாளை மேசைமேல் வைப்பார்கள். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போகத் தாளை மாற்றி மாற்றிக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டித் தைத்த செடி. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் தெரிகிற மாதிரி விரித்திருப்பார்கள். ஓர் இலையை வேண்டுமென்றே திருப்பி வைத்திருப்பார்கள், அடிப்புற நரம்பும் தெரிய வேண்டும் என்பதற்காக. கீழே வலது மூலையில் சீட்டு: அறிவியல் பெயர், குடும்பம், எடுத்த இடம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், தேதி, எடுத்தவர் பெயர், எண். காய்ந்ததும் நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறத்தைக்கூட எழுதி வைத்திருப்பார்கள்.

"இது எங்க வயக்காட்டு வரப்புல கிடக்குமே சார், இதையா இப்படி வச்சிருக்காங்க?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், அதைத்தான். வரப்பில் மிதித்துவிட்டுப் போகிற செடிக்கும் பெயர், குடும்பம், ஊர், தேதி உண்டு என்று அவன் பார்த்துவிட்டான். அந்த வருஷம் அவன் ரெக்கார்ட் நோட்டில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் செடி எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதியிருந்தான். நான் சொல்லவே இல்லை.

புகழ்பெற்ற மாணவர்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்துல் கலாம் இங்கே கல்லூரியில் இயற்பியல் படித்து 1954ல் முடித்தவர், விடுதியில் தங்கிப் படித்தவர். எழுத்தாளர் சுஜாதாவும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இந்தக் கல்லூரியில் படித்தவர்தான். எங்களுக்கு எல்லாம் பெருமைதான். ஆனால் பையனைச் சேர்ப்பதற்கு இது காரணமாகாது. உங்கள் பையனுக்கு யார் வகுப்பெடுக்கிறார்கள், அவர்களுக்கு அவன் பெயர் தெரியுமா என்பதுதான் காரணமாக முடியும்.

இயேசு சபைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சில விஷயங்களைப் பெற்றோர்கள் தெரிந்துகொண்டு வருவது நல்லது. முதலாவது, ஃபாதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சபையின் ஏற்பாடு அப்படி, மாநிலத் தலைவர் சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் நூலகத்தை வளர்ப்பார், அடுத்தவர் மைதானத்தை வளர்ப்பார். பழகிய ஒருவரை நம்பிப் பையனைச் சேர்த்தால் அவர் அவன் பத்தாவது முடிக்கும்வரை இருப்பார் என்று சொல்ல முடியாது. தொடர்ச்சி என்பது ஆசிரியர்களிடம்தான் இருக்கிறது. இரண்டாவது, ஒரு காலத்தில் பாதி வகுப்புகளை ஃபாதர்களே எடுப்பார்கள். இன்றைக்குப் பெரும்பாலான இயேசு சபைப் பள்ளிகளில் பாடம் நடத்துவது எங்களைப் போன்ற பொதுநிலை ஆசிரியர்கள்தான். மூன்றாவது, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் என்ன என்று பலருக்குத் தெரியவில்லை. அந்தப் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால்தான் சுமைதூக்குபவர் மகனும் உள்ளே வர முடிகிறது. சுயநிதிப் பிரிவுக்கும் அதற்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விண்ணப்பம் வாங்கும்போதே எந்தப் பிரிவு, எந்த வழிக் கல்வி என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வழிப் பிரிவு கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள் என்பது என் யோசனை. நான் பார்த்த மிக நல்ல தாவரவியல் மாணவர்கள் தமிழில் படித்தவர்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. இது எந்த ஒரு பள்ளியையும் பற்றியதல்ல, எல்லா இடத்திலும் இதே நிலைதான். 1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு நல்ல ஆய்வகம் கிடைத்தது. தண்டை இரு விரலுக்கு நடுவே பிடித்து, பிளேடால் கண்ணாடி மாதிரி மெல்லியதாகச் சீவி, சாஃப்ரனின் என்கிற சாயம் ஒரு சொட்டு விட்டு, ஸ்லைடில் வைத்துப் பார்க்கும்போது தண்ணீர் கடத்தும் திசுவான சைலம் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். முதல் முறை அதைப் பார்க்கிற பையன் கண்ணை எடுக்க மாட்டான். 2017க்குப் பிறகு நீட் பயம் வந்தது. பெற்றோர்கள் என்னிடம் வந்து, "செக்ஷன் எடுக்கறதுக்கெல்லாம் எதுக்கு சார் நேரம், கேள்விக்கு விடை மட்டும் போதும்" என்று கேட்டார்கள். முடியாது என்று சொன்னேன். நான் இருந்தவரை ஒரு பையனும் பிளேடு பிடிக்காமல் என் ஆய்வகத்தை விட்டுப் போகவில்லை. அதற்கு நிர்வாகம் என் பக்கம் நின்றது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இயேசு சபைத் தலைவராக இருந்த அருப்பே 1973ல் சபையின் பழைய மாணவர்களைக் கூட்டி வைத்து, பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் நம் கல்வியின் வேலை என்று பேசினார். அந்த வாசகம் இன்றைக்குச் சபைப் பள்ளிகளின் சுவரிலெல்லாம் இருக்கிறது. அது சுவரைத் தாண்டி வருவதை நான் பார்த்தது பெரிய விழாக்களில் அல்ல. படிப்பில் முந்தியவனைப் பிந்தியவன் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் தேறினால்தான் உனக்கும் பாராட்டு என்று சொல்வோம். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பிறகு, தேர்வு முடிவு வரும் நாளில் தன் நம்பரைப் பார்ப்பதற்கு முன் அவன் நம்பரைத் தேடுவான்.

யாருக்கு ஏற்ற பள்ளி? மார்க் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு ஊரில் வேறு இடங்கள் இருக்கின்றன. விளையாட்டு, சாரணர், பேச்சுப்போட்டி என்று எதிலாவது கால் வைக்கும் பையனுக்கு ஜோசப்ஸ் மாதிரி இடம் இல்லை. கூச்சம் உள்ள பையனுக்கும் நல்லது, ஆனால் முதல் ஆறு மாதம் பெரிய கூட்டத்துக்கு நடுவே திணறுவான். அந்த நேரத்தில் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பெற்றோர் வந்து பேசினால் எந்த ஆசிரியரும் அந்தப் பையனைக் கூடுதலாக ஒரு தடவை பார்ப்பார்.

புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் கேட்டால், பிரதர்களோடு சாயங்காலம் மைதானத்தில் நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். வகுப்பில் தெரியாத பையன் அங்கே தெரிவான். பெற்றோருக்கும் அதே யோசனைதான். விண்ணப்பம் வாங்க வரும் நாளில் அலுவலகத்தோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், ஆசிரியர்களும் பையன்களும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் விழும். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிடித்திருக்கிறதா என்று அவனிடமே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.